பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்கச் சொல்கிறார் வெண்டர், சேர்க்கலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம்ங்க. பனியன் எக்ஸ்போர்ட் யூனிட் ஒன்றில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். அவிநாசி ரோட்டில் ஆபீஸ், கட்டிங், தையல். டையிங் மட்டும் பெருந்துறை சிப்காட்டில். அறுபது கம்ப்யூட்டர் வரை இருக்கும். இஆர்பி, டேலி, மெர்ச்சண்டைசர்களின் டெக் பேக், எம்பிராய்டரி பஞ்சிங் ஃபைல், மார்க்கர் ஃபைல் எல்லாம் ஒரே ஃபைல் சர்வரில்தான். ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் ஓடி நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட்டிஸ்க் பெட்டி) காப்பி எடுக்கும். அவ்வளவுதான் இதுவரைக்கும் பேக்கப்.

இப்போது பையர் தரப்பு ஆடிட்டில் பேக்கப் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட்டார்கள். அதனால் முதலாளி பணம் ஒதுக்கியிருக்கிறார், அதிசயம்தான். வெண்டர் கொடுத்த திட்டம் இது. விண்டோஸ் சர்வரில் வீயம் என்ற பேக்கப் மென்பொருள் போடுவார். அந்த சர்வரை டொமைனில் (எல்லா கம்ப்யூட்டரின் லாகினையும் ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் அமைப்பு) சேர்த்து, டொமைன் அட்மின் கணக்கிலேயே எல்லா பேக்கப் வேலையும் ஓடும். பேக்கப் போய்ச் சேரும் இடம் நாஸ். முதலாளிக்கு வீடு கோயமுத்தூர். அங்கிருந்து ஃபைல் பார்க்க வேண்டும் என்பதால் நாஸ் பெட்டிக்கு ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவார்.

எனக்கு ஏதோ உறுத்துகிறது. ஆனால் முதலாளி முன்னால் மறுத்துப் பேசக் கையில் காரணம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி_சிஸ்டம்ஸ் (கோவை)

உங்களுக்கு உறுத்தியது சரிதான். காரணம் நான் தருகிறேன், அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் டொமைன். 2025 மார்ச்சில் வீயம் பேக்கப் மென்பொருளில் சிவிஇ-2025-23120 என்ற ஓட்டை வெளியானது (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்). தீவிரம் பத்துக்கு 9.9. டொமைனில் சேர்க்கப்பட்ட பேக்கப் சர்வர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். டொமைனில் யாருடைய சாதாரண லாகின் கிடைத்தாலும் போதும், பேக்கப் சர்வரில் தன் இஷ்டத்துக்குக் கட்டளை ஓட்டலாம். உங்கள் யூனிட்டில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற பையனின் பாஸ்வேர்டு ஒரு போலி மெயிலில் போய்விட்டால் கதை முடிந்தது. டொமைனில் சேர்க்காதவர்களுக்கு அன்றைக்கு வெறும் செய்தி. பேக்கப் சர்வரை வேலை நடக்கும் டொமைனில் சேர்க்க வேண்டாம் என்று வீயம் நிறுவனமே தன் பரிந்துரைகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வெண்டர் அதைப் படித்திருக்க மாட்டார்.

இரண்டாவது, பேக்கப் மென்பொருள் மேல் தாக்குபவர்களுக்கு ஏன் இத்தனை கண்? ஊரில் உள்ள எல்லா வீட்டுச் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்த இடம் அது. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய் டேட்டா எடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் பாஸ்வேர்டும் அதனிடம் இருந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. 2023 மார்ச்சில் சரி செய்த சிவிஇ-2023-27532 ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வீயம்தான். நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் லாகின் எதுவும் இல்லாமல் 9401 போர்ட்டைத் தட்டினால், அதற்குள் சேமித்து வைத்திருந்த கணக்கு விவரங்களைக் கறந்துவிடலாம். க்யூபா என்ற ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள்) அதைப் பயன்படுத்தியது பதிவாகியிருக்கிறது. உங்கள் வெண்டர் சொன்னபடி டொமைன் அட்மின் பாஸ்வேர்டு அங்கே கிடந்தால், போவது பேக்கப் மட்டும் இல்லை. அறுபது கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும்.

மூன்றாவது, 2024 செப்டம்பரில் வந்த சிவிஇ-2024-40711. தீவிரம் 9.8, லாகினே தேவையில்லை. அடுத்த மாதமே அகிரா, ஃபாக் என்ற இரண்டு ரான்சம்வேர்களைப் பரப்ப அதைப் பயன்படுத்தினார்கள் என்று சோஃபோஸ் நிறுவனம் எழுதியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பு இணைப்பு) வழியாக உள்ளே வந்து, வீயம் சர்வரில் "பாயிண்ட்" என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கி, அதை அட்மின் குழுவில் சேர்த்துவிட்டு, மற்ற வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

வீயம் மோசமான மென்பொருள் என்று சொல்ல வரவில்லை. நானே ஆபீசில் அதைத்தான் வைத்திருக்கிறேன். வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முட்டைக்காரன் (நாமக்கல்)

ஏனுங்க, அமெரிக்காவுல பெரிய பெரிய கம்பெனிய அடிக்கிறவன் நம்ம ஊர்க் கோழிப்பண்ணைக் கணக்கைத் தேடியா வரப்போறான்? தீவனக் கணக்கையும் முட்டை ரேட்டையும் திருடி அவன் என்ன பண்ணுவான்?

கரூர்தறி (கரூர்)

அண்ணா, அவன் உங்களைத் தேடி வருவதே இல்லை. இன்டர்நெட்டில் உள்ள எல்லா முகவரியையும் ஒரு புரோகிராம் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கதவு திறந்திருந்தால் பூட்டிவிட்டு ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகும். பண்ணையா, பேங்கா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. தீவனக் கணக்கு அவனுக்குத் தேவையில்லை, உங்களுக்குத்தான் தேவை. அதை நம்பித்தான் பணம் கேட்கிறான்.

2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்று ஒன்று வந்தது. கியூநாப் நாஸ் பெட்டிகளில் இருந்த ஃபைல்களை 7-ஜிப்பில் சுருக்கி, பாஸ்வேர்டு போட்டு வைத்துவிட்டுப் போனது. கேட்டது 0.01 பிட்காயின், அன்றைய விலைக்கு முப்பது நாற்பதாயிரம் ரூபாய். பெரிய கம்பெனியைக் குறி வைத்தவன் இந்தத் தொகையா கேட்பான்? வீட்டில் போட்டோ வைத்திருப்பவர், சின்னக் கடை வைத்திருப்பவர், இவர்களிடம் கறக்கத்தான் அந்த விலை.

நொய்யல்கரை கவனிக்க வேண்டியது இதில் இன்னொன்று. அவன் உள்ளே நுழைந்த வழி எது தெரியுமா? அந்தப் பெட்டியோடு வரும் பேக்கப் செயலி, ஹைப்ரிட் பேக்கப் சிங்க். அதில் இருந்த சிவிஇ-2021-28799 என்ற ஓட்டைதான். நாஸ் பெட்டியை நேராக இன்டர்நெட்டில் வைத்தவர்கள்தான் மாட்டினார்கள். அடுத்த வருசம் ஜனவரியில் டெட்போல்ட் வந்தது, அதே கியூநாப் பெட்டிகளுக்கு. இந்தத் தடவை 0.03 பிட்காயின். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டை எடுங்கள், யுபிஎன்பி-யை (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறக்கும் வசதி) நிறுத்துங்கள் என்று கம்பெனியே அறிவிப்பு விட்டது. அதனால் முதலாளி வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகப் போர்ட் திறப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். போர்ட் நம்பரை மாற்றி வைக்கிறேன் என்று வெண்டர் சொல்வார், அதில் ஒரு புண்ணியமும் இல்லை, ஷோடான் போன்ற தேடுபொறிகள் வேறு நம்பர்களையும்தான் பார்க்கின்றன. வயர்கார்டு விபிஎன் ஒன்றை முதலாளியின் போனிலும் லேப்டாப்பிலும் போட்டுவிடுங்கள், ஒரு மதியத்து வேலை.

ஈரோட்டு_சர்வீஸ் (ஈரோடு)

எல்லோரும் சேர்ந்து வெண்டரைக் காய்ச்சுகிறீர்கள். நானும் அந்தத் தொழில்தான், ஈரோடு, பவானி, சென்னிமலை பக்கம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

டொமைன் அட்மின் கணக்கில் ஏன் ஓட்டுகிறோம்? தனிக் கணக்கு உண்டாக்கி, ஒவ்வொரு சர்வரிலும் தேவையான உரிமை மட்டும் கொடுத்தால் ஏதோ ஒரு ஃபோல்டரில் அனுமதி இல்லை என்று ராத்திரி ஜாப் நிற்கும். காலையில் முதலாளி கூப்பிட்டு, பேக்கப் ஓடவில்லை, எதற்கு உனக்கு ஏஎம்சி என்று கத்துவார். டொமைன் அட்மின் கொடுத்தால் சிவப்புக் குறியே வராது. அந்த ஏஎம்சி-க்கு வருசத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று இங்கே எழுதினால் சிரிப்பீர்கள்.

அப்புறம் கிராக். மஞ்சள் மண்டிக்காரர், பெரிய கை, காரே பல லட்சம் இருக்கும். பேக்கப் மென்பொருளுக்கு லைசென்ஸ் என்றால் "தம்பி, நெட்டுல ஓசியா கிடைக்குமாமே, போட்டுக் குடு" என்பார். கிராக் போட்டால் அப்டேட் போட முடியாது. போட்டால் லைசென்ஸ் செத்துவிடும். ஆக, ஓட்டை வெளியே தெரிந்து வருசக்கணக்கானாலும் அதே பழைய வெர்ஷன்தான் ஓடிக்கொண்டிருக்கும். கிராக் ஃபைலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று போட்ட எனக்கும் தெரியாது, போடச் சொன்ன அவருக்கும் தெரியாது. அதனால் இப்போது கிராக் கேட்பவர்களிடம் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சில இடம் போனது, போகட்டும்.

சரவணம்பட்டி_சிஸ்டம்ஸ் (கோவை)

நியாயமான பேச்சு. கிராக் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் இந்த இழையில் எல்லோரும் முதலில் படிக்க வேண்டும். வீயத்திலேயே பத்து மெஷின் வரைக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது, சின்னப் பண்ணைக்கும் மண்டிக்கும் அது தாராளம். பிறகு கிராக் எதற்கு?

பழைய வெர்ஷன் விஷயத்துக்கு ஒரு சாட்சி. வெரிட்டாஸ் பேக்கப் எக்ஸெக் என்ற மென்பொருளில் 2021 மார்ச்சில் மூன்று ஓட்டைகளை அடைத்தார்கள். அதில் ஒன்று, யாருமே பயன்படுத்தாத பழைய லாகின் முறை ஒன்றை நீக்காமல் உள்ளேயே விட்டு வைத்தது. புது வாசல் கட்டிய பிறகு பழைய வாசலை அடைக்க மறந்துவிட்டார்கள். 2022 அக்டோபரில், அதாவது பேட்ச் வந்து ஒன்றரை வருசம் கழித்து, பிளாக்கேட் ரான்சம்வேர் ஆட்கள் அந்த வழியாக நுழைந்ததை மேண்டியண்ட் நிறுவனம் பார்த்தது. அப்போதும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கப் எக்ஸெக் நிறுவல்கள் இன்டர்நெட்டில் கண்ணுக்குத் தெரிந்தபடி இருந்தன. பேக்கப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த சர்வரை யாரும் தொடுவதில்லை. விண்டோஸ் அப்டேட் போடுவார்கள், ஆண்டிவைரஸ் பார்ப்பார்கள், பேக்கப் மென்பொருளின் வெர்ஷனை யாரும் பார்ப்பதில்லை.

டொமைன் அட்மினுக்கு மாற்றும் இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு லோக்கல் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. ஆரம்பத்தில் ஒரு வாரம் தலைவலி இருக்கும், மறுக்கவில்லை. அந்த ஒரு வாரக் கூலியைத் தனியாக பில் போடுங்கள், கொடுக்க மாட்டேன் என்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பைட்டுப்பூச்சி (பீளமேடு)

நான் மாணவன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். இத்தனை தலைவலி எதற்கு, எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் சிங்க் போட்டுவிட்டால் போதாதா? பேட்ச் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கரூர்தறி (கரூர்)

தம்பி, சிங்க் என்றால் இங்கே மாறியது அங்கேயும் மாறும். ரான்சம்வேர் உங்கள் ஃபைலைப் பூட்டினால் பூட்டிய ஃபைல் சமர்த்தாக மேலே ஏறிவிடலாம். பழைய வெர்ஷனை எடுக்கலாம்தான், ஆனால் சாதாரண ஃபைலுக்கு 30 நாள் அல்லது 100 வெர்ஷன், அவ்வளவுதான் வைத்திருக்கும். 

கிளவுடிலும் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி. கோட் ஸ்பேசஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது, மற்றவர்களின் மென்பொருள் மூலக்குறியீட்டைப் பாதுகாத்து வைப்பதுதான் தொழில். 2014 ஜூனில் ஒருவன் அவர்களின் அமேசான் கண்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து பணம் கேட்டான். இவர்கள் கணக்கை மீட்கப் பார்த்ததும் டேட்டா, ஸ்னாப்ஷாட், பேக்கப் என்று அழித்துத் தள்ளினான். எல்லாம் ஒரே கணக்கில்தான் இருந்தது. கம்பெனியையே மூடிவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் டென்மார்க்கில் கிளவுட்நார்டிக் என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட இதே கதி, பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுப் பெரும்பாலான வாடிக்கையாளர் டேட்டா போயே போய்விட்டது.

சரவணம்பட்டி_சிஸ்டம்ஸ் (கோவை)

கிளவுடே வேண்டாம் என்று கரூர் அண்ணன் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். ஆப்ஜெக்ட் லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பேக்கப்பை இத்தனை நாளைக்கு யாரும் அழிக்கவோ மாற்றவோ முடியாது என்று பூட்டி வைக்கலாம். அமேசான் எஸ்3-ல் அதற்கு இரண்டு முறை. கவர்னன்ஸ் என்பதில் தனி உரிமை உள்ளவர் பூட்டைத் தாண்டலாம். கம்ப்ளையன்ஸ் என்பதில் ரூட் கணக்கு வைத்திருப்பவரே நினைத்தாலும் கெடு முடியும் வரை அழிக்க முடியாது. வெண்டர் "லாக் போட்டாச்சு" என்று சொன்னால் எந்த லாக் என்று கேளுங்கள். நாள் கணக்கை யோசித்து வையுங்கள், தப்பாகப் பத்து வருசம் என்று போட்டுவிட்டால் பத்து வருசமும் வாடகை கட்ட வேண்டும்.

ராம்நகர்_ஆடிட்டர் (கோவை)

சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக.

ஜிஎஸ்டி விதி 57: கணக்கை எலக்ட்ரானிக்காக வைத்திருப்பவர் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும், விபத்தில் பதிவுகள் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும், கோழிப்பண்ணை உட்படப் பதிவு இருந்தால். வைத்திருக்க வேண்டிய காலம், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம்.

பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னும் உண்டு. 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினசரி எடுக்கப்பட வேண்டும். கிளவுடில் வைப்பவர்கள் மும்பை அல்லது ஐதராபாத் மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று பாருங்கள். பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு இந்த விதி கிடையாது.

தாக்குதல் நடந்தால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு. கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். சர்வரில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். என் வாடிக்கையாளர்களில் பலர் முதலில் கூப்பிடுவது டேட்டா ரெக்கவரி கடைக்காரரை. எனக்குத் தகவல் வருவது ரிட்டர்ன் கெடு நாளில்தான்.

முட்டைக்காரன் (நாமக்கல்)

ஆடிட்டர் சார் பயமுறுத்தறீங்க. சரி, எங்க பண்ணை ஆபீஸ்ல பழைய நாஸ் பெட்டி ஒண்ணு இருக்கு. நல்லாத்தான் ஓடுது. ஆனா கம்பெனி வெப்சைட்டுல பார்த்தா இந்த மாடலுக்கு இனி அப்டேட் இல்லைன்னு போட்டிருக்கான். ஓடற பெட்டிய எதுக்குங்க தூக்கிப் போடணும்?

கரூர்தறி (கரூர்)

ஓடுகிறது என்பதுதான் அதன் ஆபத்தே. இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2021 ஜூன் கடைசியில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வைத்திருந்தவர்கள் பலர் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி சுத்தமாகக் காலி. யாரோ வெளியிலிருந்து ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு 2015-லேயே அப்டேட் நிறுத்தப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்தபோது கிடைத்ததுதான் வயிற்றெரிச்சல்: ரீசெட் செய்யும் முன் பாஸ்வேர்டு கேட்கும் கோடு அதில் எழுதித்தான் இருந்தது, ஆனால் கமெண்ட் போட்டு முடக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பாஸ்வேர்டு சோதனை ஓடவே இல்லை.

2024 ஏப்ரலில் டி-லிங்க். டிஎன்எஸ்-320எல், 325, 327எல், 340எல் போன்ற பழைய நாஸ் பெட்டிகளில் "மெசேஜ்பஸ்" என்ற பெயரில் ஒரு கணக்கு உள்ளேயே பதிந்து கிடந்தது, அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. அதன் வழியாக யாரும் கட்டளை ஓட்டலாம். கம்பெனி என்ன சொன்னது? ஆயுள் முடிந்த மாடல், பேட்ச் வராது, கழற்றி வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

பழையதை உடனே வீசச் சொல்லவில்லை. முதலில் அதன் இன்டர்நெட் தொடர்பைத் துண்டியுங்கள். ரவுட்டரில் அந்தப் பெட்டியின் முகவரியைத் தடுத்துவிட்டால் போதும். யுபிஎன்பி நிறுத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள், பல நாஸ் பெட்டிகள் உங்களைக் கேட்காமலேயே ரவுட்டரிடம் சொல்லிப் போர்ட் திறந்துகொள்ளும்.

பைட்டுப்பூச்சி (பீளமேடு)

ஓப்பன் சோர்ஸ் கருவிகள் பற்றி யாரும் சொல்லவில்லையே. பல நாஸ் பெட்டிகளில் உள்ளே ஓடுவது ஆர்சிங்க் என்ற ஃபைல் காப்பிக் கருவி. அதிலும் 2025 ஜனவரியில் ஆறு ஓட்டைகள் வெளியாகின. ஒன்று 9.8. படிக்க மட்டும் அனுமதி உள்ள அநாமதேய இணைப்பு கிடைத்தாலே சர்வரில் கட்டளை ஓட்டலாம் என்ற அளவுக்கு மோசம். 3.4.0 வெர்ஷனில் அடைத்துவிட்டார்கள். காலேஜ் லேபில் பார்த்தோம், சில மெஷினில் இன்னும் பழைய 3.2 வரிசைதான்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் ஸ்கிரிப்டும் ஆர்சிங்க்தானா?

நொய்யல்கரை (திருப்பூர்)

ஆமாம் தம்பி, அதுவேதான். டீமன் முறையில் (எப்போதும் பின்னணியில்) 873 போர்ட்டில் ஓடுகிறது. நாஸ் பெட்டியில் வெர்ஷன் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஃபைல் சர்வர்தான் நாஸ் பெட்டிக்குத் தள்ளுகிறது, அதனால் ஃபைல் சர்வரிலேயே நாஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. சர்வர் போனால் நாஸும் போகும்தானே? தலைகீழாக, நாஸ் வந்து இழுத்துக்கொள்ளும்படி செய்தால் நல்லதா?

கரூர்தறி (கரூர்)

நல்லது. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். பேக்கப் பெட்டி ராத்திரி வந்து இழுத்துக்கொண்டு போகும். ஃபைல் சர்வரிலிருந்து பேக்கப் பெட்டிக்குப் போக எந்த வழியும் இல்லை, ஃபயர்வால் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறது. மெர்ச்சண்டைசர் கம்ப்யூட்டரில் எது புகுந்தாலும் பேக்கப் அதன் கண்ணில் படாது.

சரவணம்பட்டி_சிஸ்டம்ஸ் (கோவை)

இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. இழுக்கும் பெட்டியிடம் எல்லா சர்வரின் சாவியும் இருக்கும். அந்தப் பெட்டியில் ஒரு ஓட்டை வந்தால் திரும்பவும் அந்த வீயம் 27532 ஓட்டைக் கதைதான். தள்ளும் முறையிலேயே, தள்ளுகிற கணக்குக்குச் சேர்க்க மட்டும் உரிமை கொடுத்து அழிக்கும் உரிமையைப் பிடுங்கிவிடலாம். ரெஸ்டிக் என்ற ஓப்பன் சோர்ஸ் பேக்கப் கருவியின் ரெஸ்ட்-சர்வரில் அப்பெண்ட்-ஒன்லி என்று ஒரு வசதி இருக்கிறது, Borg என்ற பேக்கப் கருவியிலும் உண்டு. அப்போது சாவி பரவிக் கிடக்கும், ஒரே இடத்தில் குவியாது. பழைய பேக்கப்பைக் கழிப்பது மட்டும் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து கையால் செய்கிற வேலை.

கரூர்தறி (கரூர்)

படிக்க மட்டும் உரிமை உள்ள சாவியைத்தானே இழுக்கும் பெட்டியிடம் கொடுக்கிறேன். அது போனால் டேட்டா திருடு போகும், அழியாது.

சரவணம்பட்டி_சிஸ்டம்ஸ் (கோவை)

திருடு போனால் சின்ன விஷயமா? திருப்பூரில் யோசித்துப் பாருங்கள். அடுத்த சீசனுக்கு பையர் அனுப்பிய டிசைன், கடைக்கு வராத ஸ்டைல், விலை, எல்லாம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியது. வெளியே கசிந்தால் ஆர்டரே போகும். 2022-ல் லாஸ்ட்பாஸில் நடந்தது இதுதான், மக்களின் பாஸ்வேர்டுகளைக் காப்பதே தொழிலாகக் கொண்ட கம்பெனி. திருடன் தூக்கிக்கொண்டு போனது கிளவுடில் இருந்த பேக்கப் காப்பியை. எதுவும் அழியவில்லை. ஆனாலும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

இழுத்தாலும் தள்ளினாலும் பேக்கப் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும் என்பதிலாவது நாம் ஒத்துப்போவோம். அந்த என்கிரிப்ஷன் பாஸ்வேர்டு பேக்கப் சர்வரிலேயே நோட்பேடில் இருக்கக் கூடாது. காகிதத்தில் எழுதி முதலாளி லாக்கரில்.

ஈரோட்டு_சர்வீஸ் (ஈரோடு)

நான் பார்த்த இடங்களில் கடைசியில் காப்பாற்றியது யூஎஸ்பி ஹார்ட்டிஸ்க்தான், சொன்னால் பெரியவர்கள் சிரிப்பீர்கள். மூன்று டிஸ்க். ஒன்று சொருகியிருக்கும், ஒன்று ஆபீஸ் பீரோவில், ஒன்று முதலாளி வீட்டில். வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றிய தேதியை நோட்டில் எழுதிக் கையெழுத்து. கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ஓட்டை வழியாகவும் தொட முடியாது. பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் வசதி) போட்டுவிடுங்கள், காரில் விட்டுத் தொலைப்பவர்கள் உண்டு. தீபாவளி லீவில் நம் பக்கம் யூனிட் எல்லாம் ஒரு வாரம், பத்து நாள் பூட்டிக் கிடக்கும், ஆளே இருக்காது. அதற்கு முந்தின நாள் கட்டாயம் ஒரு டிஸ்க் கழன்று வெளியே போயிருக்க வேண்டும். இந்தக் கும்பல்களுக்கு லீவு நாள் நன்றாகத் தெரியும். 2021-ல் கசேயா மென்பொருள் வழியாக அடித்தது அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை.

அந்தக் கசேயா விஷயம் எங்களைப் போன்றவர்களுக்கும் பாடம். ஏஎம்சி பார்க்கிறவர்கள் பல இடங்களைத் தூரத்திலிருந்து பார்க்க வைத்திருந்த மென்பொருள்தான் அது. அதில் ஓட்டை, அவர்கள் பார்த்த கடைகள் பலவும் போயின. நொய்யல்கரை, உங்கள் வெண்டர் பேக்கப் சர்வரில் ரிமோட் மென்பொருளை நிரந்தரமாகத் திறந்து வைக்கிறாரா என்றும் பாருங்கள். தேவைப்படும்போது நீங்கள் திறந்துவிட்டால் போதும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றிங்க. முதலாளியிடம் பேசினேன். நான் எதிர்பார்த்ததை விடச் சுலபமாக ஒத்துக்கொண்டார். மை புக் லைவ் கதைதான் வேலை செய்தது, பாஸ்வேர்டு கோடையே முடக்கி வைத்திருந்தார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

முடிவானது: பேக்கப் சர்வர் டொமைனுக்கு வெளியே, தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி). கன்சோலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. பேக்கப் அழிக்க இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்ற வசதி வீயம் 12.1-லிருந்து இருக்கிறதாம், அது வரும் லைசென்ஸ் என்ன விலை என்று கேட்டிருக்கிறேன். முதலாளிக்கு வயர்கார்டு. இஆர்பி டேட்டாபேஸும் டேலியும் மட்டும் மும்பை மண்டலத்தில் கம்ப்ளையன்ஸ் லாக்குடன், 30 நாளுக்கு. டிசைன் ஃபைல் அளவு பெரியது, அதற்கு ஈரோட்டு அண்ணன் சொன்ன மூன்று டிஸ்க். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஸ்டைல் ஃபோல்டரையும் ஒரு டேலி கம்பெனியையும் வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கிற வேலை என் தலையில். ஆர்சிங்க் பழைய வெர்ஷன்தான் தம்பி, நிறுத்திவிட்டேன்.

இழுப்பதா தள்ளுவதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வெண்டர் கோபமாக இருக்கிறார், திங்கட்கிழமை வருகிறார்.

முட்டைக்காரன் (நாமக்கல்)

என்னுதையும் முடிச்சுக் குடுங்க. ரவுட்டர்ல நாஸ் பெட்டிக்கு நெட்டை நிறுத்திட்டேன், பையன் பண்ணிக் குடுத்தான். புதுசு வாங்கறதுன்னா, பழைய பெட்டியில இருக்கற ரெண்டு ஹார்ட்டிஸ்க்கையும் கழட்டி அப்படியே புதுப் பெட்டியில சொருகிடலாமுங்களா? டிஸ்க் காசு மிச்சம்.

கரூர்தறி (கரூர்)

சொருகாதீங்க அண்ணா! வேற கம்பெனி பெட்டி என்றால் முதல் வேலையாக ஃபார்மேட் பண்ணட்டுமா என்று கேட்கும், யாராவது சரி என்று அமுக்கிவிடுவார்கள். முதலில் டேட்டா எல்லாவற்றையும் ஒரு யூஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய டிஸ்க்கைத் தொடுங்கள். அந்த டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பெட்டியின் ஸ்மார்ட் (டிஸ்க்கின் உடல்நிலை) பக்கத்தில் காட்டும். நம்பரை இங்கே போடுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் புதுப் பெட்டிக்கு அதே டிஸ்க் தாங்குமா என்று சொல்கிறேன்.